பாட்டுப் பதிவு மென்பொருளுக்கு அடுத்து என்ன வேண்டும்? திருவண்ணாமலையிலிருந்து ஒரு பட்டியல்

பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள்களுக்கு அடிக்கடி புதுப் பதிப்பு வருகிறது. வந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "புதுசா என்ன இருக்கு?" என்பதுதான். கடந்த சில ஆண்டுகளாக அதற்குக் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றே: செயற்கை நுண்ணறிவு.

முடிந்த பாட்டு ஒன்றைக் கொடுத்தால் குரலைத் தனியாக, டிரம்ஸைத் தனியாக, பாஸைத் தனியாகப் பிரித்துத் தரும் வசதி எஃப்.எல். ஸ்டூடியோவில் 2023-ல் வந்தது. ஆப்பிளின் லாஜிக் புரோவில் 2024-ல் வந்தது. லாஜிக்கில் கூடவே கணினியே வாசிக்கும் பாஸ் கலைஞரும் கீபோர்டு கலைஞரும் வந்துவிட்டார்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டிக்கும் இன்டெல் நிறுவனம் இதே மாதிரி ஓர் இணைப்பை இலவசமாகவே தந்திருக்கிறது. அருமையான சமாச்சாரங்கள்தான், சந்தேகமில்லை.

ஆனால் ஒரு கேள்வி. இந்த வசதிகளை எல்லாம் வரிசைப்படுத்துகிறவர்கள் யாரை மனதில் வைத்து வரிசைப்படுத்துகிறார்கள்? ஏசி அறையில், நல்ல மைக் முன்னால், ஹெட்ஃபோனில் கிளிக் சத்தம் கேட்டபடி, நாலு நிமிடப் பாட்டைத் துண்டு துண்டாகப் பாடும் ஒருவரை. அவருக்கு இப்போது இருப்பதே போதும், சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பதிவு செய்தே ஆக வேண்டிய பாட்டுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. உதாரணத்துக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். திருவண்ணாமலை.

ஊரில் என்னென்ன கேட்கிறது?

திருவண்ணாமலை என்றதும் தீபமும் கிரிவலமும்தான் ஞாபகத்துக்கு வரும். காதால் பார்த்தால் அது வேறு ஊர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது மரபு. சந்தக் கணக்கில் யாரும் எட்ட முடியாத திருப்புகழைப் பாடிய அருணகிரிநாதரின் ஊர். கோயிலில் ஓதுவார் பாடும் பண், சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரமும் தவிலும், ரமணாசிரமத்தில் பாராயணம், பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக ஒலிபெருக்கிகள். எல்லாம் ஒரே ஊரில்.

மாவட்டத்தின் கிராமங்களுக்குப் போனால் தெருக்கூத்து. செய்யாறு பக்கத்தில் இருக்கும் புரிசை கிராமத்தின் பெயர் கூத்து தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கண்ணப்பத் தம்பிரானும் அவருடைய குடும்பமும் அந்தக் கலையை வெளிநாட்டு மேடைகள் வரை கொண்டுபோனார்கள். திரௌபதியம்மன் திருவிழாக்களில் கூத்து இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் முடியும்போது விடிந்திருக்கும். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். நடுவில் கட்டியக்காரன் வந்து அன்றைக்கு அந்த ஊரில் நடந்த விஷயத்தையே கிண்டலடித்துவிட்டுப் போவான். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது, அடுத்த இரவு வேறாக இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. இரண்டாவது டேக் கிடையாது! எழுபது வயது வாத்தியாரிடம் விடியற்காலை நாலு மணிக்குப் போய், "வாத்தியாரே, கம்ப்யூட்டர் நின்னுபோச்சு, கர்ணன் சாகிறதை இன்னொரு வாட்டி பாடுங்க" என்று யாராவது கேட்க முடியுமா? கேட்டாலும், "தம்பி, அது அப்பவே முடிஞ்சுபோச்சு" என்பதுதான் பதிலாக இருக்கும்.

எந்த வசதி முதலில் என்ற விவாதத்தை இந்த இடத்திலிருந்து தொடங்கினால் பட்டியலே தலைகீழாகிவிடுகிறது.

கருவிக்குத் தக்க பாட்டு

பட்டியலுக்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை. 1902-ல் கிராமஃபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் பாடுகிறவர்கள் அதை மூன்று நிமிடத்துக்குள் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு வித்வான்களும் அப்படித்தான் பாடினார்கள். கேட்டவர்களுக்கும் நாளடைவில் பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்று பழகிப்போனது. எல்.பி. இசைத்தட்டு 1948-ல் வந்த பிறகுதான் கட்டு தளர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மூன்று நிமிடத்தை யாரும் இசையைப் பற்றி யோசித்து முடிவு செய்யவில்லை. தட்டின் அளவும் அது சுற்றும் வேகமும் முடிவு செய்தன. இன்றைக்கு மென்பொருளின் திரையில் வரும் கட்டங்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. புதிதாக ஒரு புராஜெக்ட் திறந்தால் பெரும்பாலான மென்பொருள்களில் நிமிடத்துக்கு 120 தட்டு, 4/4 தாளம் என்று தயாராக இருக்கும். யாரும் கேட்காமலேயே! புதிதாகக் கற்கும் பையன் அதற்குள்தான் பாடத் தொடங்குகிறான். அதனால், எந்த வசதி முதலில் என்பதைக் கணினிக்காரர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்த தலைமுறை எப்படிப் பாடும் என்பதையும் அது கொஞ்சம் தீர்மானிக்கிறது.

சரி, பட்டியல்.

1. பதிவு தொலையக் கூடாது

முதல் இடம் இதற்குத்தான். கேட்க மொக்கையாக இருக்கும். எந்த விளம்பரத்திலும் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். ஆனால் இதை விட்டால் மற்ற எதற்கும் அர்த்தமில்லை.

வேவ் கோப்பு என்ற வடிவத்தை மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991-ல் கொண்டுவந்தன. கோப்பின் அளவைக் குறிக்க அதில் 32 பிட் இடம்தான் ஒதுக்கினார்கள். அதனால் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. நாலு நிமிடப் பாட்டுக்கு அது கடல். இரவு முழுக்க நடக்கும் கூத்துக்கு? சாதாரண சி.டி. தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஏறக்குறைய 6 மணி 45 நிமிடத்தில் வரம்பு வந்துவிடும். இப்போது பலரும் பயன்படுத்தும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 4 மணி 8 நிமிடம்தான். பத்து மணிக்குத் தொடங்கினால் ராத்திரி இரண்டேகாலுக்கு முன்பே முடிந்தது கதை. உச்சக்கட்டம் அதற்குப் பிறகுதான் வரும்!

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் உருவாக்கிய ஆர்.எஃப்.64 என்ற வடிவம் இந்த வரம்பைத் தாண்டும். பல கருவிகள் கோப்பைத் தானாகவே துண்டு போட்டு அடுத்ததைத் தொடங்கும். வேண்டியது எல்லாம், எந்த மென்பொருளாக இருந்தாலும் பயனாளிக்குத் தெரியாமலேயே இது சரியாக நடக்க வேண்டும் என்பதுதான். 32 பிட் கணக்கு தெரிந்தவன்தான் கூத்தைப் பதிய முடியும் என்றால் அது மென்பொருளின் குறை.

இன்னோர் உதாரணம் ஆடாசிட்டி. 1999-ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கியது. 2000-ல் வெளியானது. காசில்லாத மாணவர்கள் எல்லோருக்கும் முதல் ஸ்டூடியோ அதுதான். அதில் நெடுங்காலம் ஒரு தொல்லை இருந்தது. சேமித்தால் ஒரு சின்னக் கோப்பும், பக்கத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகள் கொண்ட ஒரு ஃபோல்டரும் உருவாகும். ஒலி இருப்பது ஃபோல்டரில். விவரம் தெரியாதவர்கள் சின்னக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, ஃபோல்டரை அழித்துவிடுவார்கள். அவ்வளவுதான், பதிவு போயே போச்சு. 2021-ல் வந்த 3.0 பதிப்பில்தான் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தார்கள். கண்ணைப் பறிக்கும் வசதியா அது? இல்லை. ஆனால் அந்த ஒரு மாற்றம் காப்பாற்றியிருக்கும் பதிவுகளுக்குக் கணக்கே இருக்காது.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2012 வாக்கில் தமிழக மாவட்டங்களில் இருந்த மின்வெட்டை அந்தக் காலத்தில் பள்ளியில் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவு இப்போது இல்லை. ஆனாலும் திருவிழாப் பந்தலில் ஒரு வயர் கழன்றால் போதும். கரண்ட் போன நொடி வரைக்குமான ஒலி பத்திரமாக இருக்க வேண்டும். மீட்கும் வசதி பல மென்பொருள்களில் இருக்கத்தான் செய்கிறது. அதை ஒவ்வொரு பதிப்பிலும் சோதித்து, "பத்து முறை பிளக்கைப் பிடுங்கினோம், பத்து முறையும் பதிவு கிடைத்தது" என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்த மென்பொருளைத்தான் வாங்க வேண்டும்.

2. கட்டம் பாடகரைப் பின்தொடரட்டும்

கிளிக் சத்தத்துக்குப் பாடுவது ஒரு முறை. தப்பில்லை, சினிமாப் பாட்டுக்கு அது தேவை. ஆனால் ஓதுவார் விருத்தமாகப் பாடும்போது தாளமே கிடையாது. கூத்தில் ஒரே பாட்டுக்குள் வேகம் ஏறிக்கொண்டே போகும். அது பிசகு இல்லை. சண்டை நெருங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிவதே அந்த ஏற்றத்தில்தான்.

ஆடாசிட்டி 2023-ல் தன் 3.4 பதிப்பில் தாளக் கட்டங்களைக் கொண்டுவந்தபோது, முழு வேலைக்கும் ஒரே வேகம் என்ற கணக்கில்தான் கொண்டுவந்தது. மறுபக்கம், பாடுகிறவரின் வேகத்தைக் கண்டுபிடித்துக் கட்டத்தை அதற்கேற்ப வளைக்கும் வசதி லாஜிக்கில் 2018-லேயே வந்துவிட்டது. ஏபிள்டன் லைவில் உள்ளே வரும் இசையின் வேகத்தைப் பின்தொடரும் வசதி 2021-ல் வந்தது. ஆக, முடியாத காரியம் இல்லை. காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இருப்பது மற்றவர்களுக்கும் வர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அடுத்து தாளத்தின் உள்ளமைப்பு. ஆதி தாளம் எட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது 4+2+2 என்று பிரியும். மிச்ர சாபு ஏழு, 3+4. பல பாட்டுகளில் எடுப்பு சமத்தில் இருக்காது, தள்ளி வரும். மேற்கத்திய டைம் சிக்னேச்சரில் 8 என்றோ 7 என்றோ எழுதிவிடலாம், உள்ளே இருக்கும் பிரிவும் எடுப்பும் காணாமல் போய்விடும். திருப்புகழின் சந்தங்களை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு பாட்டும் தனித் தாளக் கணக்கோடு வருகிறது. "நீயே பிரித்துக்கொள்" என்று பயனாளியிடம் விட்டுவிடும் ஒரு சின்னப் பெட்டி போதும். 4+2+2 என்று தட்டினால் கட்டம் அப்படி விழ வேண்டும். பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

ஆராய்ச்சியும் நடக்காமல் இல்லை. பார்சிலோனாவில் சேவியர் செர்ரா தலைமையில் 2011-ல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் கர்நாடக இசையும் ஒரு பகுதி. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கேற்றது. ஆதார சுருதியைக் கண்டுபிடிப்பது, தாளத்தைப் பின்தொடர்வது, மிருதங்கச் சொற்களை அடையாளம் காண்பது என்று கணிசமான வேலைகள் நடந்தன. அதெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளாக இருக்கிறது. ஓதுவாரைப் பதிவு செய்யும் லேப்டாப்பில் ஒரு பொத்தானாக இன்னும் வரவில்லை. நடுவில் இருக்கும் தூரம் அறிவியல் தூரம் இல்லை, முன்னுரிமைத் தூரம்.

3. சுருதியைத் திருத்தாதே, கேள்

ஆட்டோ-டியூன் 1997-ல் வந்தது. எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பு. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் குரல் நின்றால் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்துவிடும். தோடி ராகத்தின் காந்தாரத்தை அதன் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அசைவதுதான் அந்தச் சுரத்தின் உயிர். அதைத் தவறு என்று நினைத்துப் படிக்கட்டாக வெட்டிவிடும். நாதஸ்வரத்தில் மூச்சாலும் விரலாலும் வரும் குழைவுக்கும் இதே கதிதான்.

கீபோர்டில் பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் இருக்கின்றன. இயற்கையாக சுருதியோடு சேரும் அந்தர காந்தாரம் அதைவிடச் சுமார் 14 சென்ட் கீழே இருக்கிறது. ஒரு சென்ட் என்றால் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. 14 சென்ட் சின்னதுதான். தம்புரா ஓடிக்கொண்டிருக்கும்போது பழகிய காதுக்கு அது நன்றாகவே தெரியும்.

இங்கேயும் சின்ன வசதிகள் போதும். "ஒன்றரைக் கட்டை" என்று கேட்டால் சி ஷார்ப் என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆதார சுருதியிலிருந்து ஒவ்வொரு சுரமும் எங்கே நிற்கிறது என்று திரையில் கோடாகக் காட்ட வேண்டும். திருத்தம் செய்வது பாடுகிறவர் விருப்பம். ஏபிள்டன் லைவ் 2024-ல் தன் 12-ஆம் பதிப்பில் வேறு வேறு சுர இடைவெளி முறைகளை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. 1983-ல் வந்த மிடி, கீபோர்டு கட்டையை மனதில் வைத்து உருவானது. 2020-ல் வந்த மிடி 2.0-வில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே அசைக்க முடியும். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள்தான் குறைவு.

4. யார் பாடினார், எங்கே, என்ன பண்?

நல்ல பதிவு ஒன்று இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கிறது. கோப்பின் பெயர் "ஆடியோ 017". யார் பாடியது? தெரியாது. எந்தத் திருவிழா? தெரியாது. பாதி பதிவு தொலைந்த மாதிரிதான்.

எம்.பி.3 கோப்புக்குள் தலைப்பு எழுதும் முறை 1996-ல் வந்தபோது, தலைப்புக்கு 30 பைட் இடம் கொடுத்தார்கள். ஆங்கிலத்துக்கு முப்பது எழுத்து. "திருவண்ணாமலை" என்ற ஒரே சொல்லை யூனிகோடு யு.டி.எஃப்.-8-ல் எழுதினாலே 36 பைட் ஆகிறது. ஊர்ப் பெயருக்கே இடம் பத்தவில்லை! பிறகு வந்த முறைகளில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. தீராதது வேறு: கட்டங்கள். தலைப்பு, ஆர்டிஸ்ட், ஆல்பம், வகை. தேவாரத்துக்கு ஆர்டிஸ்ட் யார்? பாடல் தந்த சம்பந்தரா, இன்று பாடுகிற ஓதுவாரா? பண், ராகம், தாளம், பதிகம், ஊர், கூத்தில் கட்டிய வேடம், முகவீணை வாசித்தவர்... இவற்றுக்கு எல்லாம் இடம் எங்கே?

பதிவு நடக்கும்போதே, "இங்கே வஞ்சிப் பாட்டு தொடங்குகிறது" என்று தமிழில் ஒரு குறிப்புப் போட்டு, அந்தக் குறிப்பு கோப்போடு ஒட்டிக்கொண்டே வர வேண்டும். எந்த மென்பொருளில் திறந்தாலும் தெரிய வேண்டும். பாடுகிறவரின் பெயர் கோப்பிலிருந்து பிரியாமல் இருப்பது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. கிராமத்துக் கலைஞர்களின் பாட்டு இணையத்தில் லட்சம் பேரால் கேட்கப்படுகிறது. பாடியவர் பெயர் பல நேரம் எங்கேயும் இருப்பதில்லை.

5. பழைய லேப்டாப்பும் போனும்

கிராமத்தில் பதிவு செய்கிறவரிடம் இருப்பது போன். கொஞ்சம் வசதி இருந்தால் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த லேப்டாப். அதில் ஓடாத வசதி இருந்தென்ன, போயென்ன?

தாமதம் என்ற தொல்லையும் இங்கேதான் அதிகம். ஏற்கெனவே பதிந்த நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே தவில் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி கணினிக்குள் 1,024 துண்டுகளாகச் சேர்ந்து வருவதற்கே 23 மில்லிநொடி ஆகிறது. எட்டு மீட்டர் தள்ளி நிற்பவரோடு சேர்ந்து வாசிப்பது போல. ப்ளூடூத் ஹெட்ஃபோன் என்றால் அதைவிடப் பல மடங்கு. ஆடாசிட்டியில் இதைச் சரிக்கட்ட மைனஸ் 130 மில்லிநொடி என்று ஓர் எண் நெடுங்காலமாகப் போட்டு வைத்திருந்தார்கள். உங்கள் கணினிக்குச் சரியான எண் வேண்டுமென்றால், வெளியே போகும் ஒலியை ஒரு வயரில் உள்ளேயே திருப்பி விட்டு, அளந்து, கையால் எழுத வேண்டும். எத்தனை பேர் செய்வார்கள்? கைதட்டலை ஒரு முறை பதிந்து தானே அளந்துகொள்ளும் பொத்தான் ஒன்று இருந்தால், தாளம் தப்பி விழுந்த எத்தனையோ பதிவுகள் நேராகியிருக்கும்.

அப்படியானால் செயற்கை நுண்ணறிவு வேண்டாமா?

வேண்டும். நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா? பழைய கேசட்டுகளில் இரைச்சலுக்கு நடுவே புதைந்து கிடக்கும் குரல்களை வெளியே எடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஒலிபெருக்கி அலறலோடு பதிந்த ஒரு கூத்துப் பாட்டின் வரிகளை எழுதி எடுக்கக் குரலைப் பிரித்துத் தரும் வசதி பெரிய உதவி. யாரும் அதை மறுக்க முடியாது.

ஆனால் எதை இரைச்சல் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2020-ல் கொரோனா வந்து பாட்டு வகுப்புகள் எல்லாம் ஜூமுக்குப் போனபோது என்ன நடந்தது? விடாமல் ஒலிக்கும் தம்புராவை ஃபேன் சத்தம் என்று நினைத்து ஜூம் அமுக்கிவிட்டது! பேச்சைக் காப்பாற்றுவதற்காக உருவான வசதி அது. இசைக்காரர்களுக்காகத் தனி அமைப்பை அதே ஆண்டு சேர்த்தார்கள். அதே மாதிரி, கூத்து மேடையின் பின்பாட்டும் ஜால்ராவும் கூட்டத்தின் கூச்சலும் கட்டியக்காரனின் முணுமுணுப்பும் இரைச்சல் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது. மூலப் பதிவு கை படாமல் இருக்க வேண்டும், சுத்தம் செய்வது எல்லாம் நகலில்தான் என்பது மென்பொருளின் அசைக்க முடியாத விதியாக இருக்க வேண்டும்.

அடுத்தது குரல் நகல். 2024-ல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். சினிமாவில் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள், பத்திரிகைகள் இருக்கின்றன. கிராமத்து வாத்தியாரின் குரலை யாராவது நகலெடுத்தால் யார் கேட்பார்கள்? குரல் நகலெடுக்கும் பொத்தான் வருவதற்கு முன்னால், பாடியவர் எதற்குச் சம்மதித்தார் என்பதைக் கோப்போடு எழுதி வைக்கும் பொத்தான் வரட்டும். வரிசை மாறினால் அநியாயம்.

"காசு யார் கொடுப்பது?"

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. மென்பொருள் நிறுவனங்கள் தர்ம சத்திரம் நடத்தவில்லை. வாங்குகிறவர்கள் கேட்பதைத்தான் செய்வார்கள். திருவண்ணாமலை ஓதுவாருக்காக கலிஃபோர்னியாவில் யாரும் நிரல் எழுத மாட்டார்கள். உண்மைதான்.

ஆனால் மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள். நீண்ட பதிவு தொலையாமல் இருப்பது ஓதுவாருக்கு மட்டுமா வேண்டும்? நீதிமன்றத்திலும் மாநாட்டிலும் பதிவு செய்கிறவருக்கும் வேண்டும். வேகம் மாறும் தாளம் துருக்கிக்கும் வேண்டும், ஆப்பிரிக்காவுக்கும் வேண்டும். ஆங்கிலம் அல்லாத பெயர்கள் உலகத்தில் பாதிக்கு மேல். தாமதத்தை அளக்கும் பொத்தான் முதல் முறை கிடாரைப் பதியும் எந்த ஊர்ப் பையனுக்கும் வேண்டும். மிகவும் நெருக்கடியான இடத்தில் வேலை செய்கிறவருக்காகச் சரிசெய்தால் எல்லோருக்கும் சரியாகிவிடும். மறுபுறம், ஏசி அறையில் இருப்பவருக்காகச் செய்தால் அவரோடு நின்றுவிடும்.

இன்னொன்று, கேட்காதவர்களின் தேவை கணக்கில் வராது. எந்த வசதி வேண்டும் என்று வாக்கெடுப்பு வைத்தால் ஏற்கெனவே ஆங்கிலத்தில் விவாதிக்கத் தெரிந்தவர்கள்தான் வாக்களிப்பார்கள். கூத்து வாத்தியார் வாக்களிக்க மாட்டார், அப்படி ஒன்று நடப்பதே அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் நிரல் எழுதத் தெரிந்த தமிழ் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆடாசிட்டியும் ஆர்டரும் திறந்த மூல மென்பொருள்கள். நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு நூலக மேலாண்மை முறையையும் வருகைப் பதிவேட்டையும் நூறாவது முறையாகச் செய்வதற்குப் பதில், 4+2+2 என்று கட்டம் போடும் ஒரு சின்ன இணைப்பை எழுதலாம். கட்டைக் கணக்கில் சுருதி காட்டும் ஒன்றை எழுதலாம். பண், தாளம், பாடியவர், சம்மதம் என்ற நாலு கட்டங்கள் கொண்ட ஒரு படிவத்தை எழுதலாம். தேவையானது தெரு முனையில் விடிய விடிய ஒரு கூத்தைப் பார்த்திருப்பதும், கொஞ்சம் சி++ தெரிந்திருப்பதும்தான். முதலாவது இருப்பவர்கள் கலிஃபோர்னியாவில் கிடையாது.

இலவசமாக எட்டுக் கருவிகளைக் கணினியே வாசித்துத் தரும் வசதி அடுத்த ஆண்டு வரலாம், அதற்கடுத்த ஆண்டும் வரலாம். கணினி எங்கேயும் போய்விடாது. இந்தப் பங்குனியில் பாடும் வாத்தியார் அடுத்த பங்குனியில் பாடுவாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. எதை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய கணக்கு வேறு இல்லை.